ஆயிரம் கஜம் என்று போட்டிருக்கிறதே! குறைந்த விலை லேசர் ரேஞ்ச்ஃபைண்டரில் எதை எடுப்பது?

வேட்டைக்கும் குறி சுடவும் தூரம் அளக்கும் லேசர் ரேஞ்ச்ஃபைண்டர் வாங்கப் போகிறேன், எது எடுக்கலாம் என்று கேட்பவர்கள் அடுத்த மூச்சிலேயே ஓர் எண்ணையும் சொல்லிவிடுவார்கள். ஆயிரம் போதுமா, ஆயிரத்து எண்ணூறு எடுக்கணுமா? எத்தனை கஜம் வரை அளக்கும் என்ற அந்த எண் பெட்டியில் கொட்டை எழுத்தில் இருக்கும், பல மாடல்களில் பெயரோடேயே ஒட்டிக்கொண்டிருக்கும். நானும் என் முதல் கருவியை அந்த எண்ணைப் பார்த்துத்தான் வாங்கினேன்.

ஒரு மேகமூட்டமான சாயங்காலம். புல்வெளியின் அந்தக் கோடியில் காட்டுப்பன்றி ஒன்று மேய்ந்துகொண்டிருந்தது. பொத்தானை அழுத்தினேன், 140 மீட்டர் என்றது. சந்தேகத்தில் மறுபடி அழுத்தினேன், 143. கண்ணுக்கு அதைவிடத் தள்ளி நிற்பதுபோலப் பட்டது. மூன்றாவது முறை 192. எதை நம்புவது? துப்பாக்கியைத் தூக்காமலே வந்துவிட்டேன். மறுநாள் காலை அதே இடத்தில் நின்று மெதுவாக அளந்து பார்த்தபோதுதான் புரிந்தது. முதல் இரண்டு எண்ணும் இடையில் காற்றில் ஆடிக்கொண்டிருந்த உயரமான புல்லின் தூரம். பன்றி நின்ற இடம் 192. ஆயிரம் கஜம் அளக்கும் என்று பெயரிலேயே எழுதியிருந்த கருவி, 200 மீட்டருக்குள் என்னைக் குழப்பிவிட்டது.

அன்றிலிருந்து யார் கேட்டாலும் நான் திருப்பிக் கேட்பது இதுதான்: எவ்வளவு தூரம் அளக்கும் என்பதை விடுங்கள், நீங்கள் காட்டுகிற பொருளைத்தான் அளக்கிறதா? குறைந்த விலைக் கருவிகளில் நல்லது கெட்டது பிரிவது இந்த இடத்தில்தான்.

பெட்டி எண்ணைப் பாதியாக்குங்கள்

கருவி ஒரு லேசர் துடிப்பை அனுப்புகிறது, அது எதிலாவது பட்டுத் திரும்பி வரும் நேரத்தை அளந்து தூரமாக மாற்றிக் காட்டுகிறது. ஒளி ஒரு மீட்டர் போய்த் திரும்ப 6.7 நானோநொடிதான் ஆகும். இத்தனை சின்ன நேரத்தை அளக்கும் மின்சுற்று இன்றைக்கு மலிவாகிவிட்டது. அதனால் 'துல்லியம் 1 மீட்டர் கூடக் குறைய' என்ற வரியில் மலிவுக் கருவிக்கும் விலை கூடியதற்கும் பெரிய வித்தியாசம் இருக்காது. அந்த வரியை வைத்து எதையும் தேர்ந்தெடுக்க வேண்டாம்.

திரும்பி வரும் ஒளி எவ்வளவு என்பதில்தான் சிக்கல். சாலையோரப் பெயர்ப்பலகை மாதிரி வந்த வழியே ஒளியைத் திருப்பி அனுப்பும் பரப்பை வைத்துத்தான் பெட்டியில் அந்தப் பெரிய எண்ணைப் போடுகிறார்கள். மானின் தோல் ஒளியை நாலாபக்கமும் சிதறடித்துவிடும், கொஞ்சம்தான் திரும்பி வரும். மரம் இரண்டுக்கும் நடுவில். விவரத்தாளின் அடியில் பார்த்தால் பல தயாரிப்பாளர்கள் மூன்றையும் தனித்தனியாகவே கொடுத்திருப்பார்கள். வோர்டெக்ஸ் ரேஞ்சர் 1800 என்ற கருவிக்கு மானுக்கான எண் 900 கஜம். அதே நிறுவனத்தின் இம்பாக்ட் 1000க்கு 500 கஜம். இரண்டுமே சரிபாதி. இதை அவர்கள் மறைப்பதில்லை, நாம்தான் படிப்பதில்லை.

திருப்பி அனுப்பும் பரப்பு வைத்து அளந்த எண்ணுக்கு எவ்வளவு மதிப்பு என்பதற்கு ஒன்று சொல்கிறேன். 1969இல் அப்போலோ 11 விண்வெளி வீரர்கள் நிலாவில் ஒரு பிரதிபலிப்பானை வைத்துவிட்டு வந்தார்கள். பூமியிலிருந்து அதன்மேல் லேசர் அடித்து, சுமார் 3,84,000 கிலோமீட்டர் தூரத்தை இன்றும் அளக்கிறார்கள். அனுப்பும் பக்கம் பெரிய தொலைநோக்கி இருக்கிறது என்பது உண்மைதான். ஆனாலும் அந்தப் பக்கம் கண்ணாடி இருந்தால் கதையே வேறு. மானின் முதுகில் யாரும் கண்ணாடி கட்டி அனுப்புவதில்லை.

வெயிலும் கணக்கில் வரும். இந்த வகைக் கருவிகள் பெரும்பாலும் 905 நானோமீட்டர் அலைநீளத்தில் வேலை செய்கின்றன. நம் கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு அது. சூரிய ஒளியிலும் அந்த அலைநீளம் ஏராளமாக இருப்பதால், உச்சிவெயிலில் திரும்பி வரும் துடிப்பு அந்த வெளிச்சத்தில் மூழ்கிவிடும். மாலையில் 600 மீட்டர் மரத்தைச் சட்டென்று பிடித்த கருவி, மதியம் 450க்கே எண் வராமல் கோடு கோடாகக் காட்டிக்கொண்டு நிற்கும். கருவி கெட்டுப்போய்விட்டது என்று பதற வேண்டாம். மழை, பனிமூட்டம் வேறு மாதிரித் தொல்லை. அங்கே துளிகளே ஒளியைத் திருப்பி அனுப்பிவிடும்.

அதனால் என் கணக்கு சுலபம். பெட்டி எண்ணில் பாதி எடுத்துக்கொள்ளுங்கள், கஜத்தில் இருந்தால் மீட்டராக்குங்கள். ஒரு கஜம் 0.9144 மீட்டர். 1000 என்று போட்டது 457 மீட்டராகிவிடும். நீங்கள் உண்மையில் சுடும் தூரம் அதற்குள் அடங்கினால் அந்தக் கருவி போதும். அடங்காவிட்டால் அடுத்த படிக்குப் போங்கள்.

தூரம் பிசகினால் என்ன ஆகும்?

கருவியே வேண்டுமா என்பதை இந்தக் கணக்குத்தான் முடிவு செய்யும். .308 ரைஃபிள், 168 கிரெயின் (எடை அலகு) தோட்டா, 100 மீட்டரில் ஜீரோ செய்தது, அதாவது அந்தத் தூரத்தில் குறி வைத்த இடத்திலேயே படும்படி சரிசெய்தது என்று வைத்துக்கொள்வோம். 150 மீட்டரில் நிற்கும் விலங்கை 20 மீட்டர் தப்பாகக் கணித்தாலும் சில சென்டிமீட்டர்தான் விலகும். அதே 20 மீட்டர் தப்பு 300 மீட்டரில் சுமார் 10 சென்டிமீட்டர், 500 மீட்டரில் சுமார் 20 சென்டிமீட்டர். மானின் இதயப் பகுதியின் அளவோடு ஒப்பிட்டுப் பாருங்கள். 20 சென்டிமீட்டர் என்றால் விலங்கைக் காயப்படுத்தி ஓடவிடுவது, இல்லையென்றால் முழுசாகத் தவறவிடுவது.

.22 ரைஃபிளை விளையாட்டுத் துப்பாக்கி என்று நினைப்பவர்களுக்கு ஒரு செய்தி. 50 மீட்டரில் ஜீரோ செய்த சாதாரண வேகத் தோட்டா, 100 மீட்டரில் சுமார் 20 சென்டிமீட்டர் கீழே விழும். அங்கே 10 மீட்டர் பிசகினால் 7, 8 சென்டிமீட்டர் விலகும். அதாவது 100 மீட்டரில் ஒரு .22க்கு, 400 மீட்டரில் .308க்கு இருக்கும் அதே கண்டிப்பு இருக்கிறது. குறி சுடுதலில் மலிவான ரேஞ்ச்ஃபைண்டரால் அதிகப் பயன் பெறுபவர்கள் இந்த .22 ஆட்கள்தான். அவர்களுக்கு 1800 எல்லாம் தேவையே இல்லை, 600 என்று போட்ட கருவியே தாராளம்.

வில்லுக்கு வாருங்கள். நொடிக்கு 85 மீட்டர் வேகத்தில் போகும் அம்பு, 40 மீட்டர் என்று நினைத்து விட்டது உண்மையில் 45 ஆக இருந்தால், கிட்டத்தட்ட 15 சென்டிமீட்டர் கீழே போய்விடும். வெறும் 5 மீட்டர் பிசகு! கண்ணால் பார்த்து 40க்கும் 45க்கும் வித்தியாசம் சொல்ல முடியும் என்று அடித்துச் சொல்பவர்களை நான் பார்த்திருக்கிறேன். பள்ளத்துக்கு அந்தப் பக்கம் நிற்கும் பொருளைக் காட்டிக் கேட்டால் அமைதியாகிவிடுவார்கள்.

வாங்காமலே சமாளிக்கலாமா?

தூரம் குறித்த பலகைகள் உள்ள சுடுதளத்தில் மட்டும்தான் சுடுகிறீர்களா? அப்படியென்றால் வாங்க வேண்டாம். அந்தப் பணத்தில் தோட்டா வாங்கிப் பயிற்சி செய்யுங்கள். அடர்ந்த காட்டில், 80 மீட்டருக்கு மேல் கண்ணே போகாத இடத்தில், ரைஃபிளோடு மட்டும் வேட்டையாடுபவருக்கும் அதே பதில்தான்.

ஸ்கோப்பில், அதாவது துப்பாக்கி மேல் இருக்கும் தொலைநோக்கியில், மில் கோடுகள் (கோணத்தை அளப்பவை, ஒரு மில் என்பது ஆயிரம் மீட்டரில் ஒரு மீட்டர்) இருக்கின்றனவே, அதை வைத்துக் கணக்குப் போடலாமே என்பார்கள். போடலாம். பொருளின் உயரத்தை மீட்டரில் எடுத்து ஆயிரத்தால் பெருக்கி, அது ஸ்கோப்பில் எத்தனை மில் தெரிகிறதோ அதால் வகுத்தால் தூரம். அரை மீட்டர் உயர இரும்புத் தகடு 1.2 மில் தெரிந்தால் 417 மீட்டர். 1.3 என்று படித்துவிட்டால் 385. ஒரு மில்லில் பத்தில் ஒரு பங்கு பிசகியதற்கு 32 மீட்டர் போய்விட்டது. தகட்டின் உயரம் நமக்கு உறுதியாகத் தெரியும் என்ற வசதி இருந்தும் இந்தக் கதி. மானின் உயரம் யாருக்குத் தெரியும்? பேட்டரி தீர்ந்த நாளுக்கு இந்த வித்தையைக் கற்று வைத்திருப்பது நல்லது, அவ்வளவுதான்.

கட்டட வேலைக்கு விற்கும் லேசர் அளவுகோல் மலிவாக இருக்கிறதே என்ற கேள்வியும் வரும். அது அறைக்குள் சுவரை மில்லிமீட்டர் கணக்கில் அளக்கச் செய்தது. வெயிலில் அதன் சிவப்புப் புள்ளியை 20 மீட்டரிலேயே தேட வேண்டியிருக்கும். விட்டுவிடுங்கள்.

கால்ஃப் கருவியா, வேட்டைக் கருவியா?

குறைந்த விலையில் தேடினால் முதலில் கண்ணில் படுவது கால்ஃப் ரேஞ்ச்ஃபைண்டர்கள். பார்க்க ஒரே மாதிரி இருக்கும், உள்ளே லேசரும் அதேதான். எடுத்தால் என்ன? இதில்தான் நிறையப் பேர் சறுக்குகிறார்கள், கொஞ்சம் நின்று பார்ப்போம்.

முதல் வித்தியாசம், எந்த எதிரொளியை எடுத்துக்கொள்வது என்பது. ஒரு துடிப்பு போகும் வழியில் புல்லிலும் படும், கிளையிலும் படும், மானிலும் படும், பின்னால் இருக்கும் மேட்டிலும் படும். திரும்பி வரும் பலவற்றில் ஒன்றைக் கருவி தேர்ந்தெடுத்துக் காட்ட வேண்டும். கால்ஃபில் அளக்க வேண்டியது மெல்லிய கொடிக்கம்பம், அதன் பின்னால் மரங்கள். அதனால் கால்ஃப் கருவி பக்கத்தில் இருப்பதைத் தேர்ந்தெடுக்கும். வேட்டையில் நேர்மாறு. நமக்கு வேண்டியது புதருக்குப் பின்னால் நிற்கிறது, அதனால் தூரத்தில் இருப்பதைத் தேர்ந்தெடுக்கும் கருவி வேண்டும். என் பன்றிக் கதையில் நடந்தது இதுதான். என் கருவி பக்கத்துப் பொருளை எடுக்கும் முறையில் இருந்தது. மாற்றிக்கொள்ளும் வசதி அதில் கிடையாது என்பதும் பிறகுதான் தெரிந்தது.

இரண்டாவது இன்னும் மோசம், ஏனென்றால் வெளியில் தெரியாது. கால்ஃப் கருவியில் 'ஸ்லோப்' என்று ஒன்று இருக்கும். மேட்டை நோக்கி அடிக்கும்போது பந்து சீக்கிரம் தரையில் பட்டுவிடும், அதனால் அந்தக் கருவி தூரத்தைக் கூட்டிச் சொல்லும். பள்ளத்தை நோக்கி என்றால் குறைத்துச் சொல்லும். துப்பாக்கிக்கும் வில்லுக்கும் அப்படி இல்லை. மேலே சுட்டாலும் கீழே சுட்டாலும் கிடைமட்டத் தூரத்துக்குத்தான் பார்க்க வேண்டும், இரண்டு பக்கமும் தூரம் குறையத்தான் செய்யும். 30 டிகிரி சரிவில் 400 மீட்டர் என்றால் 346க்குச் சுட வேண்டும். மேட்டைப் பார்த்து நிற்கும்போது கால்ஃப் கருவி 400ஐவிடக் கூடுதலாக ஓர் எண்ணைக் கையில் கொடுக்கும். திசையே தலைகீழ். கையில் ஏற்கெனவே கால்ஃப் கருவி இருந்தால் ஸ்லோப்பை அணைத்துவிட்டு, திறந்த வெளியில் குறி சுடப் பயன்படுத்துங்கள், தப்பில்லை. வேட்டைக்கென்று புதிதாக ஒன்றை வாங்க வேண்டாம்.

சரிவுத் திருத்தம் உள்ள வேட்டைக் கருவி எல்லாருக்கும் தேவையா? மரத்தில் பரண் கட்டி உட்கார்ந்து அம்பு விடுபவருக்குக் கட்டாயம் தேவை. 30 டிகிரி கீழே 20 மீட்டர் என்றால் அது 17 மீட்டர் கணக்கு, அம்புக்கு அது தெரியும். மலைச்சரிவில் 300 மீட்டருக்கு மேல் ரைஃபிள் சுடுபவருக்கும் வேண்டும். சமவெளியில் 200 மீட்டருக்குள் நிற்பவருக்கு, 10 டிகிரி சரிவில் 200 மீட்டர் 197 ஆகும், அவ்வளவே. இந்தத் திருத்தத்துக்கு ஆளுக்கு ஒரு பெயர் வைத்திருக்கிறார்கள்: புஷ்னெல் ஏஆர்சி என்கிறது, லூபோல்ட் டிபிஆர் என்கிறது, வோர்டெக்ஸ் ஹெச்சிடி, நிகான் ஐடி, சிக் சாவர் ஏஎம்ஆர். உள்ளே செய்யும் கணக்கில் சின்னச் சின்ன வேறுபாடு உண்டு என்றாலும் வேலை ஒன்றுதான். பெயரைப் பார்த்து மிரள வேண்டாம்.

அடிப்படைக் கருவியா, ஒரு படி மேலேயா?

இப்போது உண்மையான போட்டிக்கு வருவோம். ஒரு பக்கம் 600 முதல் 1000 வரை போட்டிருக்கும் அடிப்படை வேட்டைக் கருவிகள். இன்னொரு பக்கம் 1400 முதல் 2000 வரை போட்டிருக்கும் நடுத்தர வகை. விலை ஏறத்தாழ இரண்டு மடங்குகூட ஆகலாம். கூடுதல் பணத்துக்கு என்ன கிடைக்கிறது?

தூரம் கிடைக்கிறது, அது எல்லாருக்கும் தெரியும். அதைவிட முக்கியமானது, நடுத்தர வகையில் பெரும்பாலும் ஒளிக்கற்றை குறுகலாக இருக்கும். லேசர் போகப் போக விரியும். அகலத்தில் 3, உயரத்தில் 1 மில்லிரேடியன் (மேலே சொன்ன மில்தான்) விரிவுள்ள கற்றை, 400 மீட்டரில் 1.2 மீட்டர் அகலமும் 40 சென்டிமீட்டர் உயரமும் கொண்ட பட்டையாக ஆகிவிடும். நாம் நினைப்பதுபோல அது புள்ளி இல்லை. மானின் மேல் மையக்குறியை வைத்தாலும், அந்தப் பட்டையின் இரு முனைகளும் பக்கத்துப் புதரை வருடிக்கொண்டுதான் இருக்கும். 30 சென்டிமீட்டர் இரும்புத் தகட்டை 600 மீட்டரில் அளக்கப் பார்த்தால், தகடு மேல் படுவதைவிடப் பின்னால் இருக்கும் மண்மேட்டின் மேல் படுவதே அதிகம். மேடு தகட்டோடு ஒட்டியிருந்தால் பிழைத்தோம். 40 மீட்டர் பின்னால் இருந்தால் முடிந்தது கதை. விவரத்தாளில் விரிவைப் போட்டிருந்தால், தூர எண்ணுக்கு முன்னால் அதைப் படியுங்கள். போடவே இல்லையென்றால் அகலமாகத்தான் இருக்கும் என்று எடுத்துக்கொள்வது என் பழக்கம்.

தொடர்ந்து அளக்கும் ஸ்கேன் முறை இரண்டிலும் இருக்கும், ஆனால் வேகத்தில் வேறுபாடு உண்டு. பொத்தானை அழுத்தியபடியே கருவியை மெதுவாக நகர்த்தும்போது எண் உடனுக்குடன் மாற வேண்டும். அரை நொடி தாமதித்தால், எந்த எண் எந்தப் பொருளுடையது என்று நாம்தான் யூகிக்க வேண்டியிருக்கும்.

அப்புறம் திரை. மலிவுக் கருவிகளில் கறுப்பு எழுத்து எல்சிடி வரும். பகலில் தெளிவாகத் தெரியும், பேட்டரியும் குறைவாகத்தான் தின்னும். சிக்கல் விடியலிலும் அந்தியிலும். கருமையான காட்டுப் பின்னணியில் கறுப்பு எழுத்து, அதுவும் விலங்குகள் வெளியே வரும் அந்த இருபது நிமிடத்தில். கருவியை வானத்தை நோக்கித் தூக்கி எண்ணைப் படித்துவிட்டு மறுபடி கீழே இறக்கிய நாட்கள் எனக்கு உண்டு. அதோடு எல்சிடி தகடு பார்வையையும் கொஞ்சம் மங்கலாக்கும். சிவப்பு எழுத்துத் திரை இருட்டில் அருமை, ஆனால் வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்க முடியாவிட்டால் ஒரு பக்கம் அந்தியில் கண்ணைக் கூசவைக்கும், இன்னொரு பக்கம் நண்பகலில் காணாமல் போய்விடும். வேட்டைக்கு என்றால் வெளிச்சம் மாற்றக்கூடிய சிவப்புத் திரை. பகலில் மட்டும் குறி சுடுபவருக்கு எல்சிடியே போதும், அந்தப் பணத்தை மிச்சம் பிடிக்கலாம்.

உருப்பெருக்கம் 6 மடங்கு இருந்தால் நல்லது. 4 மடங்கில் 300 மீட்டர் மானுக்கு மேல் குறியை வைப்பதே கஷ்டம். கண்ணாடி போடுபவர்கள், கண்ணை எவ்வளவு தள்ளி வைத்தால் முழுப் படமும் தெரிகிறது என்று பாருங்கள், 15 மில்லிமீட்டருக்குக் குறைந்தால் ஓரமெல்லாம் வெட்டுப்படும்.

பேட்டரி பற்றி ஒரே ஒரு எச்சரிக்கை. நிறையக் கருவிகளில் சிஆர்2 என்ற 3 வோல்ட் லித்தியம் பேட்டரி போடுவார்கள். அதே அளவில் சார்ஜ் ஏற்றும் பேட்டரியும் கிடைக்கும், அவற்றில் சிலவற்றின் மின்னழுத்தம் கூடுதல், கருவியைப் பொசுக்கிவிடலாம். கையேட்டில் அனுமதித்தால் மட்டும் போடுங்கள். யூஎஸ்பியில் சார்ஜ் ஆகும் கருவிகள் வீட்டுக்குப் பக்கத்தில் சுடுபவருக்கு வசதி. நான்கு நாள் மலையில் தங்குபவர், கழற்றி மாற்றும் பேட்டரி உள்ளதை எடுப்பதே நிம்மதி.

கருவிக்குள்ளேயே பாலிஸ்டிக் கணக்கு, அதாவது தோட்டா எவ்வளவு கீழே விழும் என்ற கணக்கு, போட்டுத் தரும் வசதிக்காக விலை கூட்டிக் கேட்டால், இந்த விலையில் நான் கொடுக்க மாட்டேன். மலிவான கருவிகளில் வரும் கணக்கு, ஏற்கெனவே வகுத்து வைத்த சில பொதுவான வளைவுகளில் ஒன்றைத்தான் உங்கள் தோட்டாவுக்குப் பொருத்தும். உங்கள் துப்பாக்கியின் உண்மையான வேகத்தை ஃபோன் செயலியில் கொடுத்து எடுத்த அட்டவணை அதைவிட நம்பகமானது.

இரட்டைக் கருவிகள்

பைனாகுலருக்குள்ளேயே ரேஞ்ச்ஃபைண்டர். 1992இல் லைக்கா ஜியோவிட் வந்த காலத்திலிருந்து இதற்கு ஆசைப்படாத வேட்டைக்காரர் கிடையாது. தேடுவதும் அளப்பதும் ஒரே கண்ணசைவில் முடிந்துவிடும், கழுத்தில் ஒரு கருவி குறையும். ஆனால் மலிவான வகையில் பைனாகுலரும் சுமார், லேசரும் சுமார் என்று வந்து நிற்கும். நல்லதென்றால் நம் பட்ஜெட்டைத் தாண்டிவிடும். இரண்டையும் தனித்தனியாக வாங்குவதுதான் இந்தப் பணத்துக்குச் சரி.

ஸ்கோப்போடு அல்லது துப்பாக்கி மேல் பொருத்தும் வகையை நான் பரிந்துரைப்பதே இல்லை. எதன் தூரத்தை அளக்க வேண்டுமானாலும் அதை நோக்கித் துப்பாக்கியைத் திருப்பியாக வேண்டும். புதருக்குள் அசைவது ஆளா விலங்கா என்று தெரியாத நிலையில் இது கூடாத பழக்கம். ஆயுதத்தில் மின்னணுக் கருவி பொருத்தி வேட்டையாடுவதற்குச் சில இடங்களில் சட்டத் தடையும் இருக்கிறது.

பழைய கருவி வாங்குவது பற்றியும் சொல்லிவிடுகிறேன். நடுத்தர வகையில் ஓரிரு ஆண்டு பயன்படுத்திய கருவி, புது அடிப்படைக் கருவியின் விலைக்கே கிடைத்தால், நான் பழையதைத்தான் எடுப்பேன். பேட்டரி மூடியைத் திறந்து பச்சை பூத்திருக்கிறதா பாருங்கள், லென்ஸுக்குள் பனி படர்ந்த கறை இருக்கிறதா பாருங்கள், உத்தரவாதம் இரண்டாவது உரிமையாளருக்கும் செல்லுமா என்று கேளுங்கள்.

சரி, யாருக்கு எது?

வில் வேட்டைக்காரருக்கு அடிப்படை வகையில் சரிவுத் திருத்தமும் சிவப்புத் திரையும் உள்ளது. 5 மீட்டரிலிருந்தே அளக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள், சில கருவிகள் 10க்குக் கீழே படிக்காது. மரமும் புதரும் கலந்த இடத்தில் ரைஃபிள் வேட்டையாடுபவருக்கும் அடிப்படை வகையே போதும், ஆனால் தூரத்துப் பொருளை எடுக்கும் முறை இருந்தாக வேண்டும். இந்த ஒன்றில் மட்டும் விட்டுக்கொடுக்காதீர்கள். .22 குறி சுடுபவர் கிடைப்பதில் மலிவானதை எடுக்கலாம்.

திறந்த வெளியில் 300, 400 மீட்டர் வரை வேட்டையாடுபவர் நடுத்தர வகைக்குப் போகட்டும். அடிப்படைக் கருவி காகிதத்தில் 457 மீட்டர் என்று தேறினாலும், உச்சிவெயிலில் கை நடுங்க நிற்கும்போது அதில் கையிருப்பு எதுவும் மிஞ்சாது. 600 மீட்டருக்கு மேல் இரும்புத் தகடு சுடுபவருக்கு நடுத்தர வகையிலும் விரிவு குறைந்ததும், முக்காலி மாட்டும் திருகு உள்ளதும் வேண்டும். அந்தத் தூரத்தில் கையில் பிடித்து அளப்பது அதிர்ஷ்டத்தைப் பொறுத்தது. முக்காலி இல்லாவிட்டால் இரண்டு முழங்கையையும் பையின் மேல் ஊன்றிக்கொண்டு மூன்று முறை அளந்து, இரண்டு முறை ஒத்துப்போவதை எடுத்துக்கொள்ளுங்கள்.

எதை வாங்கினாலும், திருப்பிக் கொடுக்கும் கெடு முடிவதற்குள் ஒரு சோதனை செய்துவிடுங்கள். 150, 200 மீட்டரில் தனியாக நிற்கும் ஒரு விளக்குக் கம்பம், பின்னால் வானம் மட்டும். ஸ்கேன் முறையில் வைத்து, மையக்குறியை இடது பக்கமிருந்து மெதுவாகக் கம்பத்தை நோக்கி நகர்த்துங்கள். எண் எந்த இடத்தில் தோன்றுகிறது, வலது பக்கம் எந்த இடத்தில் மறைகிறது என்று கவனியுங்கள். குறிக்கு இரு பக்கமும் சமமாக இருந்தால் சரி. பிறகு ஒரு கூரையின் மேல் விளிம்பை வைத்து மேலும் கீழும் இதையே செய்யுங்கள். நிறையக் கருவிகளில் லேசர் குறியின் நடுவில் இருக்காது, கொஞ்சம் மேலேயோ பக்கவாட்டிலோ தள்ளியிருக்கும். கொஞ்சம் என்றால் மனதில் வைத்துக்கொண்டு பழகலாம். என்னிடம் இப்போது இருப்பதில் மையக்குறியாக இருக்கும் வட்டத்தின் வலது மேல் விளிம்புதான் உண்மையான குறி, மூன்று ஆண்டாக அதை வைத்துத்தான் அளக்கிறேன். வட்டத்துக்கே வெளியில் இருந்தால் தயங்காமல் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

கடைசியாக, கருவி கஜத்தில் இருக்கிறதா மீட்டரில் இருக்கிறதா என்று அமைப்பில் போய்ப் பாருங்கள். நிறையக் கருவிகள் கஜத்தில்தான் பெட்டியை விட்டு வெளியே வரும். உங்கள் தோட்டா அட்டவணை மீட்டரில் இருந்து, திரையில் 500 என்று வந்தது கஜமாக இருந்தால் 43 மீட்டர் பிசகு. மீட்டருக்கு மாற்றிவிட்டு, அட்டவணையைச் சின்னதாக எழுதி, கருவியின் பக்கவாட்டில் ஒளி ஊடுருவும் டேப்பால் ஒட்டிவிடுங்கள்.